எட்டு மைலும் அரை ஃபர்லாங்கும்

புதுச்சத்திரத்தில் எங்களுக்கு வீடு கொடுத்திருந்த அம்மாள் மைல் கணக்கை நம்பமாட்டார். ரோட்டோரத்துக் கல்லில் எண் போட்டு வைத்திருக்கிறார்களே, அது யார் கையால் அளந்தது என்று கேட்பார். அவருக்குத் தூரம் என்றால் விரல், சாண், முழம், வில், கூப்பிடு, யோசனை. கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் விழுந்தால்கூட, "ஒன்பது வில் ஆழத்துல போயிடுச்சு" என்றுதான் சொல்வார்.

என் கணவர் அப்போது ஜில்லா போர்டு ரோட்டில் ஓவர்சீயர். சேலத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில் சரளை கொட்டுவதும், சாய்ந்த மைல்கல்லை நிமிர்த்தி வைப்பதும், புளியமரங்களுக்கு எண் போடுவதும் அவர் வேலை. நாங்கள் மைல்கல்லால் வயிறு வளர்த்த குடும்பம். அதனால் அந்த அம்மாள் பேச்சு முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

ஊரில் அவரை நயினாரம்மா என்பார்கள். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். கணவர் இந்தப் பக்கம் வந்து கடலைக்காய் மண்டி வைத்தவர். நாங்கள் குடிவருவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒரே மகள் பத்மாவை நாமக்கல் தாலுகா கச்சேரிக் குமாஸ்தா ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். வீட்டின் முன்கட்டில் அவர், பின்கட்டில் நாங்கள். நடுவில் ஒரு கதவு. அது பகலில் சாத்தியிருந்து நான் பார்த்ததில்லை.

சின்ன எலும்புக்காரர். வெள்ளைப் புடவை. நடக்குமுன் தரையைப் பார்ப்பார், பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பார். தண்ணீரைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கியதை எந்தக் கிணற்றில் மொண்டாரோ அந்தக் கிணற்றிலேயே திரும்ப விடுவார். பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் படாது. தட்டில் எவ்வளவு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாரோ அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் என்று கேட்டதில்லை. சிரிப்பார், ஆனால் உதடு பிரியாது. அத்தனை வருஷத்தில் அவர் பல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் குடிவந்த வாரமே நடுக்கதவைத் தாண்டி வந்து என் கணவரிடம் கேட்டார்.

"ஓவர்சீயர் தம்பி, என் முழம் உங்க டேப்புல எவ்வளவு வருதுன்னு பார்த்துச் சொல்லணும்."

"எதுக்குங்கம்மா?"

"ஒரு யோசனை தூரத்துக்கு மேல எந்தப் பக்கமும் போறதில்லைன்னு விரதம் எடுத்திருக்கேன். இதுவரைக்கும் உத்தேசமா இருந்துட்டேன். உத்தேசம் எனக்குப் பிடிக்கலை."

அவர் கையை நீட்டினார். ஆண்பிள்ளை தொடக்கூடாது என்று டேப்பை நான் பிடித்தேன். முழங்கை முட்டியிலிருந்து நடுவிரல் நுனிவரை பதினாறு அங்குலம் வந்தது. என் கணவர் சுண்ணாம்புக் கட்டியால் தரையிலேயே கணக்குப் போட்டார். நாலு முழம் ஒரு வில். இரண்டாயிரம் வில் ஒரு கூப்பிடு. நாலு கூப்பிடு ஒரு யோசனை. பெருக்கி, ஃபர்லாங்காக வகுத்து, நிமிர்ந்தார்.

"எட்டு மைலும் அரை ஃபர்லாங்கு சொச்சமும் வருதுங்க. ஆனா ஒண்ணுங்கம்மா, பொதுவா முழம்னா பதினெட்டு அங்குலம். அப்படிப் போட்டா ஒம்பது மைலுக்கு மேல போகும். அதையே வெச்சுக்கலாமே."

அந்த அம்மாள் மறுப்பாகத் தலையை அசைத்தார்.

"எங்க சாஸ்திரத்துல விரல் மூணு வகை. உயிர்களோட உடம்பை அளக்க ஒண்ணு. மலையும் கடலும் தீவும் அளக்க அதைப்போல ஐந்நூறு மடங்கு ஒண்ணு. வீடு வாசல், கிணறு, பாதை இதெல்லாம் அந்தந்தக் காலத்துல இருக்கிறவங்க தங்கள் கையால அளக்கறது. நான் விரதம் எடுத்தது என் கையால. ஊரு கையால இல்லை."

அடுத்து வந்த நாலு ஞாயிற்றுக்கிழமையும் என் கணவர் வண்டி பூட்டிக்கொண்டு வாரத்துக்கு ஒரு திசையாக ரோட்டு வழியே போய், கணக்கு முடிகிற இடத்தில் நிற்கிற மரங்களில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு வந்தார். விளையாட்டாகத்தான் செய்தார். தெற்கே நாமக்கல் ரோட்டில் எட்டாவது மைல்கல்லைக் கொஞ்சம் தாண்டி ஒரு புளியமரத்தில் கோடு விழுந்தது. பத்மாவின் வீடு கோட்டை மலையின் அடிவாரத்தில் இருந்தது. எட்டே முக்கால் மைல். பதினெட்டு அங்குல முழமாக இருந்திருந்தால் மகள் வீடு தாயின் யோசனைக்குள் இருந்திருக்கும்.

பத்மாதான் மாதம் ஒருமுறை வருவாள். அவள் போனபின் இரண்டு நாள் அந்த அம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து தெற்கே பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் நாமக்கல் என்ற பெயரை வாயால் சொல்லமாட்டார். "அந்தப் பக்கம்" என்பார்.

அரிசி புடைக்கும்போது எனக்குச் சொல்வார்: எட்டு மயிர்நுனி ஒரு ஈர், எட்டு ஈர் ஒரு பேன், எட்டுப் பேன் ஒரு வாற்கோதுமை மணி, எட்டு வாற்கோதுமை ஒரு விரல். மயிர்நுனிக்கும் கீழே தூசி, அதற்கும் கீழே அணு என்று போய்க்கொண்டே இருக்கும். மேலேயும் அப்படித்தான். முதல் தீர்த்தங்கரர் ஐந்நூறு வில் உயரம் என்றார் ஒருநாள். என் கணவர் மனக்கணக்குப் போட்டு, "அரை மைலுங்க" என்றார். மூன்று பேரும் கிழக்கே கொல்லிமலையைப் பார்த்தோம். அந்த அம்மாள் அதை மலையைப் பார்க்கிற மாதிரி பார்க்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி பார்த்தார்.

"அப்புறம் ஏனுங்க நாம இத்தனூண்டு ஆயிட்டோம்?" என்று கேட்டேன்.

"குறைஞ்சுகிட்டே வர்றோம். கடைசியில மனுஷன் ஒரு முழம் இருப்பான்."

மற்றொரு நாள் கயிறு என்கிற அளவைச் சொன்னார். ஒரு தேவன் கண் இமைக்கிற நேரத்தில் லட்சம் யோசனை பறக்கிறான். அப்படியே ஆறு மாதம் நிற்காமல் பறந்தால் எவ்வளவு தூரமோ, அது ஒரு கயிறு. உலகம் அடியிலிருந்து உச்சிவரை பதினாலு கயிறு. என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அதை மைலாக்கிவிடுகிறேன் என்று தரை முழுக்கச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார். சுவர் வந்துவிட்டது. எழுந்து நின்று தான் எழுதியதைப் பார்த்தவர், துடைப்பத்தை எடுத்து வேகமாக அழித்தார். நாள் முழுதும் அளப்பதே பிழைப்பாக இருந்த மனிதர். அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்த விரதம் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"எல்லைக்கு இந்தப் பக்கம் நான் நடந்தா எறும்பு சாகும். பேசினா யாருக்காவது நோகும். அந்தப் பக்கம் என்னால எந்த உசுருக்கும் ஒண்ணும் ஆகாது. அங்க நான் கிடையாது." சொல்லிவிட்டு முறத்தைத் தட்டினார். "எவ்வளவு பெரிய இடம் பாரு, நான் இல்லாத இடம்."

நிலபுலன் வைத்திருக்கிறவர்கள் எல்லை காட்டிச் சொல்வது போன்ற நிறைவு அந்தக் குரலில் இருந்தது. எனக்கு உடம்பு கூசியது. என் கணவர் ஆத்தூர்ப் பக்கம் முகாம் போனால் அந்த அம்மாள் அவரைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். திரும்பி வந்ததும் புதிதாகப் பிறந்து வந்தவரைப் பார்ப்பது போல் தலையிலிருந்து கால்வரை பார்ப்பார். தன் யோசனைக்கு வெளியே இருக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் மனம் ஒப்புக்கொண்டதா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பத்மா உண்டானாள். பிரசவத்துக்கு அழைத்துவர நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே குழந்தை முந்திக்கொண்டது. பிறந்த நாலாம் நாள் விடிந்ததும் சைக்கிளில் ஓர் ஆள் வந்தான். குழந்தை நன்றாக இருக்கிறது, தாய்க்கு ஜன்னி கண்டிருக்கிறது, அம்மா அம்மா என்று பிதற்றுகிறாள் என்றான்.

அந்த அம்மாள் வாசலுக்கு வந்து நின்றார். என் கணவர் ஓடிப்போய் வண்டி பிடித்துவந்தார். ஏறுகிற அவசரத்தில் சக்கரத்து அச்சில் போட்டிருந்த மசி அவர் புடவையின் முதுகுப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒட்டிக்கொண்டது. நான் துடைக்கப் போனேன். வேண்டாம் என்று கையை அசைத்தார். அவர் ஏறியதே போதும் என்று நாங்கள் நினைத்தோம். தாய் மனது தாண்டிவிடும் என்றுதான் இரண்டு பேரும் நம்பினோம்.

வண்டியில் என் கணவர் மெதுவாக ஆரம்பித்தார். "நாந்தானுங்க அன்னிக்குக் கணக்குப் போட்டது. பதினெட்டு அங்குலம்னு வெச்சா பத்மா ஊடு எல்லைக்கு உள்ளதானுங்க இருக்குது. சர்க்காரே அப்படித்தான் வெச்சிருக்குது. ஒரு தப்பும் இல்லீங்க."

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு மைல்கல்லாக நான் பார்த்துக்கொண்டே வந்தேன். எட்டாவது கல் கடந்தது. கோடு போட்டு நாலைந்து மழைக்காலம் ஆகியிருந்தது. எந்த மரம் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புளியமரங்கள்.

"நிறுத்துங்க" என்றார், கண்ணைத் திறக்காமல்.

வண்டிக்காரர் கயிற்றை இழுக்கவில்லை. மாடுகள் நின்றுவிட்டன. என் கணவர் இறங்கி, பக்கத்து மரத்தின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இடுக்கில் சுண்ணாம்பு இருந்தது.

எதிரே நாமக்கல் கோட்டை மலை வெயிலில் பளபளத்தது. முக்கால் மைல்கூட இல்லை. மலையின் அடியில் ஓட்டுக்கூரைகள் தெரிந்தன.

"அம்மா, பத்மா உங்களைத்தானுங்க கேக்குறா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்குக் காது கேக்குது."

"போயிட்டு வந்துரலாமுங்க. பொறவு ஏதாச்சும் பரிகாரம் பண்ணிக்கலாம்."

"பரிகாரம் இருக்குன்னு நினைச்சுகிட்டே தாண்டறது, சும்மா தாண்டறதைவிட மோசம்." வண்டியிலிருந்து இறங்கி, மரத்துக்கு இந்தப் பக்கம் வேரில் உட்கார்ந்தார். "நீங்க போய்ட்டு வாங்க தம்பி."

என் கணவர் போனார். நான் அந்த அம்மாளோடு இருந்துகொண்டேன். பிள்ளை சாகக் கிடக்கிற இடத்துக்குப் போகாமல் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என்ன மாதிரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோபம் வந்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன், கோபம் போய்விட்டது. அவர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை மட்டும் வேரின் மேல் மெல்ல மெல்ல நகர்ந்தது, நெற்றியைத் தடவுகிற மாதிரி.

உச்சி வெயில். ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. புளிய இலை அசையவில்லை. வடிகட்டிய தண்ணீரைச் செம்பில் நீட்டினேன். வாங்கவில்லை. "அம்மா" என்று தோளைத் தொட்டேன். என் விரல் துணியோடு உள்ளே போயிற்று, கொடியில் காயப்போட்ட புடவையைத் தொட்டால் போகுமே அப்படி. பயந்து கையை எடுத்தேன். மறுபடி தொட்டபோது தோள் இருந்தது. சில்லென்று இருந்தது. வெயிலில் எனக்குத் தலை சுற்றியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். வெகுகாலம் அப்படித்தான் நினைக்க முயன்றேன்.

வெயில் இறங்குகிற சமயத்தில் வண்டி திரும்பி வந்தது. என் கணவர் அதில் உட்கார்ந்தபடியே எங்களைப் பார்த்தார். இறங்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"இவங்க இங்கயேவா இருந்தாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"இங்கயேதான் இருந்தாங்க. ஏன் அப்பிடிக் கேக்குறீங்க?"

 அந்த அம்மாள் எழுந்து வண்டியருகே வந்தார்.

"எப்படி இருக்கா?"

"ஜொரம் எறங்கிருச்சுங்க. தெளிவாப் பேசுறாளாம். இனிப் பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டுப் போனாருங்க." கொஞ்சம் நிறுத்தினார். "நான் போனப்பவே மாப்பிள்ளை வாசல்ல நின்னு, உங்களுக்கு முந்தியே அத்தை வந்துட்டாங்கன்னாரு. எனக்குப் புரியலைங்க. நடையில நின்னு உள்ள பாத்தேன். நீங்க தலைமாட்டுல உக்காந்து அவ நெத்தியைத் தடவிட்டு இருந்தீங்க. முதுகுதான் தெரிஞ்சுது. புடவையில மசி இருந்துதுங்க."

அந்த அம்மாளுக்கு மகிழ்ச்சி வரும் என்று நான் நினைத்தேன். அவர் வண்டியின் பக்கச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது உதடு நடுங்கியது.

"அது யாரு?" என்றார்.

 வீடு வருகிறவரை மாடுகளின் மணிச் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் நடுக்கதவருகே வந்து நின்றார். "ஒரு கூப்பிடுன்னா மைலுக்கு எவ்வளவு தம்பி?"

என் கணவர் முதலில் சொல்ல மறுத்தார். அந்த அம்மாள் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில், "ரெண்டு மைலும் கொஞ்சமுங்க" என்றார் தரையைப் பார்த்து. அன்றிலிருந்து அந்த அம்மாளின் எல்லை ஒரு கூப்பிடு. எல்லையை இறுக்கினால் வெளியே திரிவது அடங்கிவிடும் என்று அவர் நினைத்தார்.

நடந்தது வேறு. ராசிபுரம் சந்தைக்குப் போய்வந்த வண்டிக்காரர் ஒருநாள் வாசலில் நின்று, "அம்மாவைச் சந்தையில பாத்தனுங்க. மாம்பழத்தைக் கழுவாமக்கூட அப்படியே கடிச்சுத் தின்னுட்டு இருந்தாங்க. கூப்பிட்டேன், சிரிச்சாங்க" என்றார். அந்த அம்மாள் அன்றைக்கு முழுதும் என் கண்ணெதிரே பருப்பு ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லை வீட்டு மதில்வரை சுருங்கியது.

எருமப்பட்டியிலிருந்து ஒரு குடியானவர் வந்தார். மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கிற இடத்தில் அந்த அம்மாள் வாய்க்காலில் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிக் குடித்ததாகவும், தன் பிள்ளைகள் மேல் தெளித்து விளையாடியதாகவும், களைத்துப்போய் வரப்பில் படுத்துத் தூங்கியதாகவும் சொன்னார். நல்ல மனுஷியாயிற்றே, வழி தப்பி வந்துவிட்டாரோ என்று விசாரித்துப்போக வந்திருந்தார். முன்னறையில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டதும் கும்பிட்டுவிட்டுச் செருப்பைக்கூட மாட்டாமல் எடுத்துக்கொண்டு போனார். எல்லை அறையாயிற்று. அப்புறம் அறைக்குள் ஒரு வில். நாலு முழம். அவரே தன் கையால் அளந்து, அரிசிமாவில் கோடு போட்டு, நடுவில் பாயை விரித்துக்கொண்டார்.

ஊர் இரண்டாகப் பேசியது. சிலர் தெய்வம் என்றார்கள். சிலர் தெருவின் மறுபக்கமாக நடந்தார்கள். என் கணவர் மாற்றல் கேட்டு எழுதிப்போட்டார். நான் காலையிலும் பொழுது சாயுமுன்னும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கோட்டுக்குள் நீட்டுவேன்.

பத்மா குழந்தையோடு வந்தாள். அது தவழ்கிற குழந்தை. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு அவள் தாயை நெடுநேரம் பார்த்தாள். கை நீட்டினால் தொட்டுவிடலாம். தாய் கையை மடியில் வைத்திருந்தார்.

"ஏம்மா இங்க வந்தா மட்டும் இப்படி இருக்கீங்க?" என்றாள் பத்மா. "வெள்ளிக்கிழமையானா வர்றீங்க. குழந்தையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கறீங்க. எனக்குத் தலை பின்னி விடறீங்க. அன்னிக்கு நீங்க வந்து உக்காரலைன்னா நான் செத்திருப்பேன். இங்க வந்தா யாரோ மாதிரி பாக்கறீங்க."

"நான் வரலை பத்மா."

"அப்போ யாரும்மா என்னைத் தொட்டது?"

"எனக்குத் தெரியாது."

குழந்தை தவழ்ந்து கோட்டருகே போயிற்று. பத்மா அதை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தன் தாயிடமிருந்து தன் பிள்ளையைக் காப்பாற்றுகிற மாதிரி இழுத்தாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய தாய் வெளியே எங்கோ நன்றாகத்தான் இருந்தார். இந்த அறையில் இருந்தவர்தான் அவளுக்கு அந்நியர்.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து அவர்களுடைய ஊர்ப் பெரியவர் ஒருவர் கேள்விப்பட்டு அவ்வளவு தூரம் வந்தார். விரதம் என்பது மனம் அடங்குவதற்கு, இப்படி ஒடுங்குவதற்கு எந்த ஏட்டிலும் சொல்லவில்லை, முறைப்படி முடித்துவிடலாம், அதற்கு வழி இருக்கிறது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்த அம்மாள் கைகூப்பிக் கேட்டார். பெரியவர் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் விட்டுட்டா, அவ எங்க போவா?"

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்தேன். அவர் அன்றே கிளம்பிவிட்டார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஆரம்பத்தில் அவர் கோடு போட்டது வெளியே போனதை அடக்குவதற்கு. எப்போது மாறியது என்று தெரியாது, ஆனால் இப்போது அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தார். தான் அடங்க அடங்க அது நடமாடுகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பயம் போய்விட்டிருந்தது. ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டால் கதவுப் பக்கம் காதைத் திருப்புவார், யாராவது ஏதாவது செய்தி கொண்டுவருகிறார்களா என்று.

அந்த வருஷம் மழைக்காலம் முடியுமுன் அவர் போய்விட்டார். பாயில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்திருந்தார். மாவுக்கோட்டில் ஒரு இடத்திலும் கலைசல் இல்லை. அதற்கப்புறம் எந்தச் சந்தையிலும், எந்த வாய்க்காலிலும் அவரைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. பத்மாதான் கொஞ்சகாலம் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். எங்களுக்கு ஆத்தூருக்கு மாற்றல் வந்தது.

அந்த அம்மாள் போவதற்குக் கொஞ்சநாள் முன்பு நடந்ததை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

கடலைக்காய் பிடுங்குகிற பருவம். உப்பு வாங்கிக்கொண்டு ரோட்டு வழியே திரும்பி வந்துகொண்டிருந்தேன். ஒரு காட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து செடியிலிருந்து காயை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு வெள்ளைப் புடவை. யாரோ ஒருத்தி ஏதோ கேலி பேசினாள். வெள்ளைப் புடவைக்காரர் தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டு, தொடையைத் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்புச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதே இல்லை. ஆனால் குரல் எனக்குத் தெரிந்த குரல். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். தெரிந்தவளைப் பார்க்கிற பார்வைதான். வா என்று கையை அசைத்தார். நான் போகவில்லை. உப்புக் கூடையை அணைத்துக்கொண்டு வேகமாக நடந்து வீட்டுக்கு வந்தேன்.

நடுக்கதவு திறந்திருந்தது. அறையில் கோட்டுக்குள் அவர் உட்கார்ந்திருந்தார். என் மூச்சு வாங்கியது. கஞ்சியைச் சூடாக்கி எடுத்துப்போனேன்.  அவர் வாங்கிக் குடித்தார். கிண்ணத்துக்கு மேலாக என் முகத்தைப் பார்த்தார்.

"பார்த்தியா?"

"பாத்தனுங்க."

"எங்க?"

"ஊருக்கு அக்கட்டால, கடலைக்காட்டுல. காய் ஆயுறவங்களோட உக்காந்து இருந்தீங்க." நாக்கைக் கடித்துக்கொண்டேன். "இருந்தாங்க."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"என்ன பண்ணிகிட்டிருந்தா?"

"சிரிச்சுட்டு இருந்தாங்க."

"பல்லு தெரியவா?"

"ஆமாங்க. நல்லாச் சத்தமா, வாய் நெறையச் சிரிச்சாங்க."

 ஜன்னல் வழியாக வந்த வெயில் பாயின் ஓரத்தில் கிடந்தது. அவர் கிண்ணத்தை எடுத்து, கோட்டு ஓரம்வரை கையை நீட்டி என் முன்னால் பிடித்தார்.

"இன்னும் ஒரு கரண்டி ஊத்து" என்றார்.

பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. ஊற்றினேன்.